காப்பீட்டுப் போர் - 14: ஒரு டாலர் கூடினால்...

சென்ற வாரம்: ‘உனக்கு ஏற்கெனவே நோய் இருக்கிறது, பாலிசி கிடையாது’ என்று காப்பீட்டு நிறுவனங்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததற்கு, 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட ‘அஃபோர்டபிள் கேர் ஆக்ட்’ முற்றுப்புள்ளி வைத்தது. 2013 அக்டோபர் 1 அன்று அரசின் காப்பீட்டுச் சந்தை இணையத்தில் திறந்தது. திறந்த அன்றே இணையதளம் படுத்துவிட்டது. முதல் நாளில் கடைசிவரை போய்ப் பாலிசி எடுக்க முடிந்தவர்கள் ஆறே பேர். நாடு முழுவதும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், லட்சக்கணக்கான வீடுகளுக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்து சேர்ந்தது...

*

கடிதங்களை அனுப்பிய நிறுவனங்கள் வேறு வேறு. சாரம் ஒன்றுதான். உங்களுடைய இப்போதைய பாலிசி புதிய சட்டம் கேட்கும் அம்சங்களைக் கொண்டிருக்கவில்லை. ஆகவே அது முடிவுக்கு வருகிறது. அதற்குப் பதிலாக எங்களிடம் இன்ன திட்டம் இருக்கிறது. அதன் மாதப் பிரீமியம் இவ்வளவு.

முதல் மூன்று வரிகளைப் பொறுமையாகப் படித்தவர்கள் நான்காவது வரியில் அதிர்ந்து போனார்கள். பலருக்குப் புதிய பிரீமியம் பழையதைவிட வெகுவாகக் கூடியிருந்தது. சிலருக்கு இரண்டு மடங்கு.

இந்தக் கடிதம் யாருக்கு வந்தது என்பதுதான் இந்த வாரக் கதையின் உயிர்நாடி. அமெரிக்காவில் 15 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை பார்க்கும் இடத்தின் மூலமாகக் காப்பீடு கிடைக்கிறது. பிரீமியத்தில் பெரும்பங்கை நிறுவனமே கட்டிவிடும். 65 வயது நிரம்பியவர்களுக்கு மெடிகேர். மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு மெடிகெய்ட். இந்த மூன்றிலும் சேராதவர்கள் தாங்களே கடைக்குப் போய்ப் பாலிசி வாங்க வேண்டும். சொந்தமாகக் குழாய் வேலை, தச்சு வேலை எடுத்துச் செய்பவர், வீட்டுமனைத் தரகர், இரண்டு மூன்று ஆட்களை வைத்துக் கடை நடத்துபவர், விவசாயி, 60 வயதில் வேலையை விட்டுவிட்டு மெடிகேருக்காக இன்னும் ஐந்து வருடம் காத்திருப்பவர். கடிதம் வந்தது இவர்களுக்கு.

அவர்களுடைய பழைய பாலிசிகள் எல்லாமே நல்லவை என்று சொல்ல மாட்டேன். பலவற்றில் பிரசவச் செலவு கிடையாது. மனநல சிகிச்சை கிடையாது. ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் தரமாட்டோம் என்று உச்சவரம்பு வைத்தவை உண்டு. பெரிய நோய் வந்த பிறகுதான் அந்தப் பாலிசியின் வெறுமை தெரியவரும். சட்டம் அவற்றை ஒழித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அவற்றிடையே, தன் தேவையும் தன் கைப்பணமும் அறிந்து ஒருவர் பார்த்துப் பார்த்து எடுத்த பாலிசிகளும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, இவர்கள் அத்தனை பேருக்கும் நாட்டின் தலைவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

உங்களிடம் இருக்கும் காப்பீடு உங்களுக்குப் பிடித்திருந்தால் அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா மேடைக்கு மேடை சொல்லியிருந்தார். சட்டத்திலும் அதற்கு ஒரு பிரிவு இருந்தது. 2010 மார்ச் 23-க்கு முன்பே எடுத்த பாலிசி, பெரிய மாற்றம் இல்லாமல் அப்படியே இருந்தால் தொடரலாம். நடைமுறையில் என்ன ஆகும்? தனிநபர் பாலிசிகளில் ஆட்கள் வருவதும் போவதும் வழக்கம். நிறுவனங்கள் கட்டணங்களையும் நிபந்தனைகளையும் வருடாவருடம் மாற்றுவதும் வழக்கம். மூன்றரை வருடத்தில் அந்தப் பிரிவின் பாதுகாப்புக்குள் மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

2013 நவம்பர் 7. என்பிசி தொலைக்காட்சிப் பேட்டியில் ஒபாமா மன்னிப்புக் கேட்டார். அது போதவில்லை. நவம்பர் 12 அன்று, தன்னுடைய கட்சியைச் சேர்ந்த முன்னாள் அதிபரிடமிருந்தே அவருக்கு அடுத்த அடி விழுந்தது. சட்டத்தைத் திருத்தியாவது அதிபர் தன் வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று பில் கிளிண்டன் பகிரங்கமாகச் சொன்னார். (கிளிண்டனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து மீண்டும் வருவார்.) பழைய பாலிசிகளைத் தொடர அனுமதிக்கும் மசோதா ஒன்று பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்குத் தயாரானது. ஆளும் கட்சியிலேயே கலகம் மூண்டது.

நவம்பர் 14. வெள்ளை மாளிகையில் செய்தியாளர்கள் முன் வந்த ஒபாமா ஓர் அறிவிப்புச் செய்தார். மாநிலங்கள் சம்மதித்தால், நிறுவனங்கள் பழைய பாலிசிகளை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாம்.

அப்படியும் மறுநாள் சபையில் 39 ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் எதிரணியோடு சேர்ந்து வாக்களித்தார்கள். ஆனால் அந்த அறிவிப்பால் கொந்தளிப்பு மெல்ல அடங்கியது. கணக்குத் தெரிந்தவர்கள் மட்டும் நிம்மதி அடையவில்லை. இந்தச் சலுகை புதிய சந்தையின் அஸ்திவாரத்தையே அசைத்துவிடும் என்று காப்பீட்டுக் கணக்கியல் வல்லுநர்களின் தேசிய அமைப்பு எச்சரித்தது.

அவர்கள் பயந்தது எதற்காக?

*

பதில் தெரிய வேண்டுமானால் 2009 செப்டம்பருக்குப் போக வேண்டும்.

அந்த மாதம் 9-ஆம் தேதி நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் பேசிய ஒபாமா, சீர்திருத்தத்தின் செலவு பத்து ஆண்டுகளுக்குச் சுமார் 90,000 கோடி டாலர் என்று சொன்னார். அந்தத் தொகையே எல்லையாகிப் போனது. செனட்டில் மசோதா எழுதியவர்கள் ஒவ்வொரு விதியையும் அதற்குள் அடக்கியாக வேண்டியிருந்தது. யாருக்கு மானியம், யாருக்கு இல்லை? எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டும். வறுமைக்கோட்டு வருமானத்தைப் போல நான்கு மடங்கில் போட்டார்கள்.

சட்டம் நடைமுறைக்கு வந்த 2014-இல் தனியாளுக்கு அந்தக் கோடு 45,960 டாலர். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 94,200 டாலர். கோட்டுக்கு உள்ளே இருப்பவருக்கு அரசு உறுதி கொடுத்தது: சந்தையில் அளவுகோலாக வைத்திருக்கும் ஒரு திட்டத்துக்கு நீங்கள் கட்டுவது உங்கள் வருமானத்தில் அதிகபட்சம் 9.5 சதவீதம்தான், மீதியை அரசு கட்டும். பிரீமியம் எவ்வளவு ஏறினாலும் ஏற்றத்தை அரசே தாங்கும்.

கோட்டைத் தாண்டியவருக்கு? ஒன்றும் கிடையாது. படிப்படியாகக் குறைவதில்லை. ஒரு டாலர் கூடினாலும் முழு மானியமும் போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் கொடுமை புரியும். 2017-ஐ எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவருக்கும் 60 வயது. இருவருமாகச் சின்னதாய் ஒரு தொழில் நடத்துகிறார்கள். அந்த வருடம் இரண்டு பேர் குடும்பத்துக்கான கோடு 64,080 டாலர். அவர்களுடைய வருமானம் 64,000 என்றால், சந்தையின் அளவுகோல் திட்டத்துக்கு அவர்கள் ஆண்டுக்குக் கட்டுவது சுமார் 6,200 டாலர். வருமானம் 64,100 என்றால், நாட்டுச் சராசரி விலையில் அதே திட்டத்துக்கு அவர்கள் கட்ட வேண்டியது சுமார் 18,000 டாலர். நூறு டாலர் கூடுதலாகச் சம்பாதித்ததற்குப் பன்னிரண்டாயிரம் டாலர் அபராதம் போல. சம்பாத்தியத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் காப்பீட்டுக்கே போகிறது.

சரி, விலை குறைந்த ‘வெண்கல’த் திட்டத்துக்கு இறங்கலாமே? இறங்கலாம். அதன் டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாம் கையிலிருந்து போட வேண்டிய தொகை, ஆளுக்கு 6,000 டாலரைச் சுற்றி இருக்கும். மாதாமாதம் பிரீமியம் கட்டிக்கொண்டே, மருத்துவரிடம் போகும்போது பில்லையும் தாமே கட்ட வேண்டும்.

இதில் இன்னொரு பொறியும் இருந்தது. மானியம் மாதாமாதம் முன்பணமாகத் தரப்படும். வருமானக் கணக்கு மறு வருடம் வரித் தாக்கலின்போதுதான் முடிவாகும். தச்சு வேலை செய்பவருக்கு டிசம்பரில் எதிர்பாராமல் ஒரு நல்ல ஆர்டர் கிடைத்து வருமானம் கோட்டைத் தாண்டிவிட்டதென்றால், அந்த வருடம் வாங்கிய மானியம் முழுவதையும் வரியோடு சேர்த்துத் திருப்பிக் கட்ட வேண்டும். சம்பளக்காரருக்குத் தன் வருட வருமானம் முன்கூட்டியே தெரியும். சொந்தத் தொழில் செய்பவருக்கு எப்படித் தெரியும்?

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2021-இல் பைடன் ஆட்சியில் இந்தக் கோடு தற்காலிகமாக அழிக்கப்பட்டது. கோட்டுக்கு மேலே இருப்பவர்களும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டியதில்லை என்றானது. அந்த ஏற்பாட்டை நீட்டிப்பதா வேண்டாமா என்ற சண்டையில்தான் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் அமெரிக்க அரசாங்கமே முடங்கிக் கிடந்தது. நீட்டிப்புக் கிடைக்கவில்லை. டிசம்பர் 31 நள்ளிரவோடு சலுகை காலாவதியாகி, அதே கோடு 2026-இல் திரும்பி வந்தது. இந்தமுறை இரண்டு பேர் குடும்பத்துக்கு 84,600 டாலர். அந்தக் கதை இந்தத் தொடரின் கடைசிப் பகுதியில் வரும். இப்போது 2014-க்குத் திரும்புவோம். கோட்டுக்கு மேலே நிற்பவர்களின் தலையில் அடுத்து என்ன விழுந்தது?

*

நோயாளிகளைக் காப்பீட்டுக்குள் சேர்த்தால் செலவு கூடும். கூடட்டும். அதுதான் மனிதத்தன்மை. புற்றுநோய் வந்தவரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பும் பழைய முறை ஒழிய வேண்டியதுதான். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கேள்வி, அந்தச் செலவை யார் பகிர்ந்துகொள்வது என்பது.

ஊர்த் திருவிழாவுக்கு ஊரே தலைக்கட்டு வரி கொடுத்தால் எந்த வீட்டுக்கும் பாரம் தெரியாது. மொத்தச் செலவையும் ஒரே ஒரு தெருக்காரர்களிடம் வசூலித்தால் அந்தத் தெரு திருவிழாவையே வெறுத்துவிடும். இங்கே நடந்தது அதுதான். இதுவரை காப்பீடு மறுக்கப்பட்டிருந்த நோயாளிகள் தனிநபர் சந்தையில் வந்து சேர்ந்தார்கள். வேலை பார்க்கும் நிறுவனங்களின் மூலம் காப்பீடு பெறும் 15 கோடிப் பேரின் கணக்கு தனி. அவர்களுக்கும் இந்தச் செலவுக்கும் பெரிய சம்பந்தமில்லை. தனிநபர் சந்தை என்னும் சிறிய வட்டத்துக்குள்ளேயே செலவு பெரும்பாலும் பிரிக்கப்பட்டது. அந்த வட்டத்துக்குள்ளும் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களை மானியம் காத்தது. மிச்சம் இருந்தவர்கள் மானியம் இல்லாத நடுத்தர வருமானக்காரர்கள். ஏற்றம் முழுவதும் அவர்கள் பில்லில் ஏறியது.

நவம்பர் 14 அறிவிப்பின் விளைவை இப்போது பாருங்கள். பழைய பாலிசியிலேயே இருந்துவிட விரும்புபவர் யார்? முந்தைய சட்டப்படி உடல்நிலை சோதிக்கப்பட்டு, ஆரோக்கியமானவர் என்று தேர்வு செய்யப்பட்டவர். அவர் புதிய சந்தைக்கு வராமல் பழையதிலேயே தங்கிவிட்டார். ஒரு வருடத்துக்கு என்று சொன்ன நீட்டிப்பு, பிறகு மேலும் மேலும் நீண்டது. காப்பீடு எடுக்காதவருக்கான அபராதமோ முதல் வருடத்தில் 95 டாலர் அல்லது வருமானத்தில் 1 சதவீதம், எது அதிகமோ அது. ஆரோக்கியமான பல இளைஞர்கள் அதைக் கட்டிவிட்டு ஒதுங்கினார்கள். புதிய சந்தையில் நோயாளிகளின் விகிதம் கூடியது. வல்லுநர்கள் பயந்தது இதற்குத்தான்.

முதல் மூன்று வருடங்களில் எதிர்பாராத நஷ்டம் வந்தால் அரசு ஒரு பங்கைத் தாங்கும் என்று சட்டம் நிறுவனங்களுக்கு வாக்களித்திருந்தது. அதை நம்பிப் பல நிறுவனங்கள் குறைந்த விலை வைத்தன. 2014 டிசம்பரில் நிறைவேறிய செலவின மசோதாவில் நாடாளுமன்றம் ஒரு கட்டுப்பாட்டை நுழைத்தது: லாபம் பார்த்த நிறுவனங்களிடமிருந்து வசூலாகும் பணத்திலிருந்து மட்டுமே நஷ்டப்பட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டும். 2015 அக்டோபரில் கணக்கு வெளியானது. நிறுவனங்கள் கேட்டது 287 கோடி டாலர். கையில் இருந்தது 36 கோடி. ஒவ்வொரு டாலருக்கும் 12.6 சென்ட் மட்டும் கொடுக்கப்பட்டது. பாக்கியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் பல நிறுவனங்களின் உயிர் போய்விட்டது. பெரிய நிறுவனங்களுக்குப் போட்டியாக அரசுக் கடனில் தொடங்கப்பட்ட 23 கூட்டுறவுக் காப்பீட்டு அமைப்புகளில் 12, 2015 முடிவதற்குள்ளேயே கடையைக் கட்டின.

ஒரு சீர்திருத்தத்தின் பாரத்தை ஒரு சிறு கூட்டத்தின் தலையில் மட்டும் வைத்தால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா முன்பே ஒருமுறை பார்த்திருந்தது. 1988 ஜூலையில் ரீகன் கையெழுத்திட்ட ஒரு சட்டம், மெடிகேர் முதியவர்களுக்குப் பேரிடர் போன்ற மருத்துவச் செலவுகளிலிருந்து பாதுகாப்பு அளித்தது. செலவுக்கான பணம்? முதியவர்களிடமே. அதிலும் ஓரளவு வருமானம் உள்ள முதியவர்களிடம் கூடுதல் வரி, முதல் வருடத்தில் ஆளுக்கு 800 டாலர் வரை. 1989 ஆகஸ்ட் 17 அன்று சிகாகோவில், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவரான டான் ராஸ்டென்கோவ்ஸ்கியின் காரை முதியவர்கள் மறித்தார்கள். ஒரு மூதாட்டி காரின் பானெட்டின் மேலேயே ஏறிவிட்டார். நாட்டின் வரிச் சட்டங்களையே தீர்மானித்த அந்தப் பெரிய மனிதர் காரைவிட்டு இறங்கி, ஒரு பெட்ரோல் பங்க் வழியாக ஓட வேண்டியதாயிற்று. அந்த வருடம் முடிவதற்குள் சட்டமே ரத்தானது.

அந்தப் பாடத்தை 2010-இல் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அதற்கான விலையைக் கொடுக்க வேண்டிய வருடம் 2016. அந்த வருட ஆகஸ்டில், அரிசோனா மாநிலத்தின் ஒரு கவுண்டியில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது...

*

ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவில் இருக்கிறது பினால் கவுண்டி. பாலைவனமும் பருத்திக்காடும் புதிய குடியிருப்புகளும் கலந்த பகுதி. யுனைடெட் ஹெல்த் நிறுவனம் பெரும்பாலான மாநிலச் சந்தைகளிலிருந்து விலகுவதாக ஏப்ரலில் அறிவித்திருந்தது. ஆகஸ்ட் 15 அன்று ஏட்னா நிறுவனம், தான் இயங்கிய 15 மாநிலங்களில் 11-ஐ விட்டுப் போவதாகச் சொன்னது. பினாலும் அதில் அடக்கம். மற்ற நிறுவனங்கள் ஏற்கெனவே கைவிட்டிருந்தன.

மறு வருடத்துக்கு அந்தக் கவுண்டியின் சந்தையில் ஒரு நிறுவனம்கூட இல்லை. காப்பீடு எடுக்காவிட்டால் அபராதம் என்றது சட்டம். எடுக்கப் போனால் விற்பதற்கு ஆள் இல்லை. நாட்டின் பத்திரிகைகள் எல்லாம் பினாலை மொய்த்தன. செப்டம்பரில், முன்பு அங்கிருந்து விலகுவதாக இருந்த அரிசோனா ப்ளூ கிராஸ் ப்ளூ ஷீல்டு கடைசி நேரத்தில் திரும்பி வந்தது. பினால் தப்பியது. ஆனால் இருப்பது ஒரே கடை. அந்தக் கடை வைத்ததுதான் விலை.

அதிபர் தேர்தலுக்கு ஐந்து வாரம் இருந்தது. அக்டோபர் 3 அன்று மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில், மனைவி ஹிலாரிக்காகப் பிரசாரம் செய்ய மேடையேறினார் பில் கிளிண்டன். ஏழைகளுக்கு இந்தச் சட்டத்தால் நன்மை என்று தொடங்கியவர், அடுத்த வாக்கியத்தில் மானியத்துக்குக் கொஞ்சம் மேலே வருமானம் உள்ள சிறுதொழில் செய்வோர் பக்கம் திரும்பினார். வாரம் 60 மணி நேரம் உழைப்பவர்களுக்குப் பிரீமியம் இரட்டிப்பாகிறது, கிடைக்கும் பாதுகாப்போ பாதியாகிறது. உலகத்திலேயே இப்படியொரு கிறுக்குத்தனம் கிடையாது என்றார். மறுநாள் எதிரணியின் பிரசாரம் முழுக்க அந்தப் பேச்சுதான். கட்சிக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். ஆனால் அவர் சொன்னதில் பொய் இருந்ததா? கூட்டத்தின் நடுவே தங்களைப் பற்றி ஒரு பெரிய தலைவர் வாய்திறந்து பேசிவிட்டார் என்றுதான் மானியம் இல்லாதவர்கள் எண்ணியிருப்பார்கள்.

அடுத்த வாரமே இன்னொரு குரல். மின்னசோட்டா ஆளுநர் மார்க் டேட்டன், ஜனநாயகக் கட்சிக்காரர், இந்தச் சட்டத்தை முழுமூச்சாக ஆதரித்தவர். அவர் மாநிலத்தில் 2017-க்கான தனிநபர் பிரீமியம் 50 முதல் 67 சதவீதம் வரை ஏறவிருந்தது. இந்தச் சட்டத்தின் விலை மேலும் மேலும் அதிகமான மக்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அவரே சொன்னார்.

அக்டோபர் 24 அன்று மத்திய அரசே எண்களை வெளியிட்டது. அரசின் இணையதளத்தைப் பயன்படுத்தும் மாநிலங்களில் அளவுகோல் திட்டத்தின் பிரீமியம் சராசரியாக 25 சதவீதம் ஏறுகிறது. அரிசோனாவில் 116 சதவீதம். சந்தையில் வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு மானியம் இருப்பதால் அவர்களை இது பாதிக்காது என்று விளக்கம் தரப்பட்டது. விளக்கம் உண்மைதான். மானியம் இல்லாதவருக்கு அதில் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை.

நவம்பர் 1 அன்று பதிவு தொடங்கியது. நவம்பர் 8 அன்று நாடு வாக்களித்தது. சட்டத்தை வேரோடு பிடுங்குவேன் என்று சொன்னவர் அதிபரானார்.

*

2017 ஜனவரி 23 மாலை. செயின்ட் பால் நகரில் மின்னசோட்டா சட்டமன்றம். ஆளுநர் டேட்டன் தன் வருடாந்தர உரையை நிகழ்த்திக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் பேசியிருப்பார். குரல் தடுமாறியது. தண்ணீரை எடுத்துக் குடித்தார். அப்படியே சரிந்து விழுந்தார். தொலைக்காட்சியில் மாநிலமே பார்த்துக்கொண்டிருந்தது.

சில நிமிடங்களில் எழுந்துவிட்டார். மறுநாள் காலை வழக்கம்போலச் செய்தியாளர்கள் முன் வந்து பட்ஜெட்டை விளக்கினார். தனக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கண்டிருப்பதையும் அன்று சொன்னார்.

ஜனவரி 26 அன்று அதே ஆளுநர் ஒரு மசோதாவில் கையெழுத்துப் போட்டார். மத்திய அரசின் மானியம் கிடைக்காத மின்னசோட்டாக்காரர்களின் பிரீமியத்தில் 25 சதவீதத்தை அந்த வருடம் மாநில அரசே ஏற்கும். எதிர்க்கட்சியின் கையில் இருந்த சட்டமன்றமும் ஆளுநரும் ஒத்துப்போய் இதைச் செய்தார்கள். கோட்டுக்கு மேலே நின்றவர்களுக்கு ஓர் அரசாங்கம் நேராக நீட்டிய உதவி அது. வழி இல்லாமல் இல்லை, மனம்தான் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மற்ற மாநிலங்களில் அந்த உதவி வரவில்லை. மக்கள் தங்கள் முடிவைத் தாங்களே எடுத்தார்கள். 2016-இல் மானியம் இல்லாமல் தனிநபர் பாலிசி வைத்திருந்தவர்கள் 63 லட்சம் பேர். 2018-இல் 38 லட்சம். இரண்டே வருடத்தில் 25 லட்சம் பேர் கைவிட்டுப் போனார்கள். ஏழைகளுக்குக் காப்பீடு கொடுத்ததற்காக அந்தச் சட்டத்தை நான் கைகூப்பி வணங்குவேன். ஆனால் உழைத்து, வரி கட்டி, யாரிடமும் கை ஏந்தாமல் வாழும் குடும்பத்தைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தியது பெரும் தவறு. அந்தக் குடும்பத்தின் கோபம்தான் சட்டத்தின் எதிரிகளுக்குக் கிடைத்த ஆயுதம்.

அந்த ஆயுதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, 2017 மார்ச் 6 அன்று பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சித் தலைவர்கள் தங்கள் மாற்று மசோதாவை வெளியிட்டார்கள். பழைய கோடு இனி இல்லை. வயதைப் பார்த்து மானியம்: இளைஞர்களுக்கு 2,000 டாலர், 60 வயது கடந்தவர்களுக்கு 4,000 டாலர். தனியாளின் வருமானம் 75,000 டாலர் வரை இருந்தாலும் முழுத் தொகை. நான்கு வருடமாகப் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களுக்கு விடிவு வந்துவிட்டது போலத் தோன்றியது.

ஒரு வாரம் கழிந்தது. மார்ச் 13 மாலை, நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் மசோதாவைப் பற்றிய தன் மதிப்பீட்டை வெளியிட்டது. கட்சி சார்பற்ற அலுவலகம். அவர்கள் போடும் கணக்கை இரு தரப்பும் மதித்தாக வேண்டும். அறிக்கையின் பின்பகுதியில் ஒரு சிறிய அட்டவணை. 2026-ஆம் ஆண்டை வைத்துப் போட்ட மாதிரிக் கணக்கு. அதில் 64 வயதான இரண்டு பேர்.

ஒருவருடைய வருமானம் 68,200 டாலர். கோட்டுக்கு மேலே. இப்போதைய சட்டத்தில் அவர் கட்டும் பிரீமியம் ஆண்டுக்கு 15,300 டாலர். புதிய மசோதாவில் 14,600. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் பிறகு அவருக்கு மிச்சமாவது 700 டாலர்.

இன்னொருவருடைய வருமானம் 26,500 டாலர். இப்போதைய சட்டத்தில் மானியம் போக அவர் கட்டுவது 1,700 டாலர். அவர் பெயருக்கு எதிரே, புதிய மசோதாவில் அவர் கட்ட வேண்டிய தொகை இருந்தது. அந்த ஓர் எண் அன்றிரவே வாஷிங்டனைக் கலக்கியது. ஆளும் கட்சி உறுப்பினர்களே தங்கள் தலைவர்களைத் தேடி ஓடினார்கள்.

அந்த எண் என்ன?

(தொடரும்)